காயத்தை ஒளித்து வைக்கும் டிராமாக்கள்: பழசும் புதுசும்

கடைசிவரிசை:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல படங்களின் முடிவைப் போட்டு உடைத்திருக்கிறேன். பார்க்காத படத்தின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எனக்கு டிராமா படங்கள்தான் உயிர். கொலை, துரத்தல், பேய் எதுவும் வேண்டாம். நாலு பேர் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் நோகடித்தால் போதும், மூன்று மணி நேரம் ஓடினாலும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் கொஞ்ச காலமாகப் புது டிராமாக்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப எரிச்சல் தருகிறது.

கதாநாயகனுக்கு ஏதோ ஒரு பழைய காயம் இருக்கும். என்ன என்று நமக்குச் சொல்லமாட்டார்கள். அவன் ஜன்னல் வழியே வெறித்துப் பார்ப்பான். யாராவது ஒரு பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுவான். நாமும் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டே இருப்போம். ஒரு மணி நேரம் கழித்து பிளாஷ்பேக் திறக்கும். ஓ, இதுதானா! துப்பறியும் கதைக்கு இந்த வித்தை சரி. ஒரு மனிதனின் துக்கத்தை எதற்காக விடுகதையாக்க வேண்டும்?

இகிரு (1952) படத்தைப் பாருங்கள். ஒரு வயதான அரசு அதிகாரியின் கதை. ஜப்பானிய இயக்குநர் குரோசவா காட்டும் முதல் பிம்பமே ஒரு எக்ஸ்ரே. இது நம் கதாநாயகரின் வயிறு, உள்ளே புற்றுநோய் இருக்கிறது, அவருக்குத்தான் இன்னும் தெரியாது என்று பின்னணிக் குரல் பட்டென்று சொல்லிவிடுகிறது. ரகசியம் அங்கேயே தீர்ந்தது. அப்புறம் அவர் மருத்துவமனையில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருக்கும் நோயாளி சளசளவென்று பேசுகிறார்: வெறும் அல்சர்தான், பிடித்ததைச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னால் ஆள் தேறமாட்டான் என்று அர்த்தம். உள்ளே போனால் டாக்டர் அதையேதான் சொல்கிறார். நமக்கு முன்பே எல்லாம் தெரியும் என்பதால் அந்தக் காட்சியில் தகாஷி ஷிமுராவின் முகத்தைப் பார்க்கிறோம். தெரியாவிட்டால் டாக்டரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

இதே கதையை லிவிங் (2022) என்று ஆங்கிலத்தில் மறுபடி எடுத்தார்கள். திரைக்கதை கசுவோ இஷிகுரோ, நடிப்பு பில் நை. நல்ல படம்தான், பில் நை மெலிந்த குரலில் பேசுவதை நாள் முழுக்கக் கேட்கலாம். ஆனால் அந்த எக்ஸ்ரே போய்விட்டது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞனின் முதல் நாளிலிருந்து படம் ஆரம்பிக்கிறது, பெரியவரின் நோய் பிறகுதான் தெரியவருகிறது. எழுபது வருட இடைவெளியில் ஒரே கதைக்கு நேர்ந்த இந்த ஒரு மாற்றம் போதும், நான் சொல்ல வருவது புரிந்துவிடும்.

இன்னொரு ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் டோக்கியோ ஸ்டோரி (1953) இன்னும் ஒரு படி மேலே. அதில் ஒளிக்க ஒன்றுமே கிடையாது. வயதான அப்பா அம்மா பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, போரில் இறந்துபோன மகனின் மனைவி மட்டும் அன்பாக இருக்கிறாள், ஊர் திரும்பியதும் அம்மா இறந்துபோகிறாள். ஆனால் ஓசு ஒன்றைக் காட்டாமல் விடுகிறார். அம்மா ரயிலில் போகும்போது உடல்நிலை கெட்டதை நாம் பார்ப்பதே இல்லை, அது பேச்சோடு பேச்சாகத் தெரிகிறது. பிறகு ஒரு தந்தி. சம்பவத்தைத்தான் மறைக்கிறார், மனதை மறைக்கவில்லை. இப்போது எடுப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

நம் பக்கத்தில் உதிரிப்பூக்கள் (1979). சுந்தரவடிவேலு ஏன் அவ்வளவு கொடூரமானவன்? மகேந்திரன் அதற்கு ஒரு காரணமும் சொல்வதில்லை. சின்ன வயதில் யாரோ அடித்தார்கள், அதனால் இப்படி ஆனான் என்று ஒரு வரிகூட இல்லை. அவன் அப்படிப்பட்டவன், அவ்வளவுதான். இன்றைக்கு எடுத்தால் இடைவேளைக்குப் பிறகு பதினைந்து நிமிடம் அவனுடைய பள்ளிக்கூட நாட்களைப் பார்த்திருப்போம்.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இருக்கும் என்று தெரியும்.

சப்டைட்டில்சாமி:

சிட்டிசன் கேன். 1941. ரோஸ்பட்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?

கடைசிவரிசை:

கேன் சாகும்போது சொல்லும் அந்த ரோஸ்பட் என்கிற வார்த்தைதான் முதலில் வரும் என்று தெரியும் சாமி. ஆனால் படமே அந்தப் புதிரைக் கேலி செய்கிறதே. தேடிப் போன நிருபர் கண்டுபிடிக்காமலே கிளம்பிவிடுகிறார், ஒரு மனிதனின் வாழ்க்கையை ஒரு வார்த்தை விளக்கிவிடாது என்று வேறு சொல்கிறார். ரோஸ்பட் என்று பெயர் எழுதிய பனிச்சறுக்கு வண்டி உலையில் எரிவது நமக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து என்ன ஆகிறது? கேனின் எந்தக் காட்சியும் அதனால் வேறு அர்த்தம் பெறுவதில்லை. அவரை முதல் ரீலிலேயே சாகடித்துவிட்டார்கள், வாழ்க்கை வரலாற்றை முழுசாகச் செய்திப்படமாக ஓட்டியும் காட்டிவிட்டார்கள். இதற்கு மேல் என்ன மிச்சம் வைத்தார்கள்?

சப்டைட்டில்சாமி:

சரி, வக்கீல் தொழிலுக்குப் போயிருக்கலாம் நீங்கள்.

நாலாம்சுவர்:

கடைசிவரிசை, நீங்கள் பெயர் சொல்லாமல் திட்டுவது மான்செஸ்டர் பை த சீ (2016) படத்தைத்தானே? ஜன்னல், எழுந்து போவது எல்லாம் அப்படியே லீ சாண்ட்லர். அந்தப் படத்துக்காக ஒருத்தி வாதாடத்தான் வேண்டும், அது நானாக இருக்கட்டும்.

அந்த பிளாஷ்பேக் எங்கே வருகிறது என்று யோசியுங்கள். கிளைமாக்ஸில் அல்ல, படத்தின் நடுவில். இறந்துபோன அண்ணன் தன் மகனுக்கு லீயைத்தான் பாதுகாவலனாக எழுதிவைத்திருக்கிறான் என்று வக்கீல் அறையில் சொல்கிறார்கள். அந்த நிமிடத்தில் அவனுக்கு, தன் கவனக்குறைவால் வீடு எரிந்து பிள்ளைகள் செத்துப்போன பழசு எல்லாம் பீறிட்டு வருகிறது, அவனோடு நமக்கும் வருகிறது. அவன் நினைக்கவே கூடாது என்று அடக்கி வைத்திருந்ததை நாமும் அதுவரை பார்க்கக்கூடாது, அதுதானே நியாயம்? இயக்குநர் நம்மோடு கண்ணாமூச்சி ஆடவில்லை. லீ தன்னிடமே மறைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு அந்தக் காவல் நிலையக் காட்சி. கணப்பின் முன்னால் தடுப்பு வைக்க மறந்தது குற்றமில்லை, நீங்கள் போகலாம் என்கிறார்கள். போகலாமா? அவ்வளவுதானா? என்று அவன் முழிக்கிறான். அடுத்த நொடி பக்கத்தில் இருக்கும் போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்குகிறான். தண்டனை இல்லை என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இது புதிருக்கு விடை இல்லை சார். இங்கேதான் படமே ஆரம்பிக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில் அவன் தேறுவானா என்று பார்க்கிறோம், தேறவில்லை. என்னால் இதைத் தாண்ட முடியவில்லை என்று அண்ணன் மகனிடம் நேராகச் சொல்லிவிடுகிறான். காயம் என்ன என்று தெரிந்துவிட்டால் குணமாகிவிடும் என்கிற பொய்யை உடைத்த படம் அது. உங்கள் புகார் மற்ற படங்களுக்குச் செல்லும், இதற்குச் செல்லாது.

இகிரு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதிலும் சாவு வீட்டில் அலுவலகக்காரர்கள் குடித்துவிட்டு, நாளை முதல் நாமும் அவரைப் போல உழைப்போம் என்று சபதம் எடுத்துவிட்டு, மறுநாள் பழையபடி கோப்புகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவது இருக்கிறதே. அதைப் பற்றி நீங்கள் எழுதாதது குறை.

பழையபிரிண்ட்:

நல்ல இழை. நான் இரண்டு படங்களைச் சேர்க்கிறேன்.

மேக் வே ஃபார் டுமாரோ (1937), லியோ மெக்கேரி இயக்கியது. வீட்டை வங்கியிடம் இழந்த வயதான தம்பதி, ஆளுக்கு ஒரு பிள்ளை வீட்டில் தனித்தனியாகத் தங்க நேரிடுகிறது. டோக்கியோ ஸ்டோரி திரைக்கதையை ஓசுவோடு சேர்ந்து எழுதிய கோகோ நோடா இந்தப் படத்தைப் பார்த்தவர், அதன் சாயல் தெரியும். அதில் ஒரு காட்சி: மருமகள் வீட்டில் நடத்தும் சீட்டாட்ட வகுப்பு. கூடம் நிறைய ஆட்கள். கிழவருடைய போன் வருகிறது. பாட்டி உரக்கப் பேசுகிறாள், போனில் கத்தித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிற தலைமுறை. முதலில் எல்லாருக்கும் சிரிப்பு, சங்கடம். போகப் போக அறை அடங்கிவிடுகிறது. அவர் என்ன சொல்கிறார் என்று நமக்குக் கேட்பதே இல்லை. கழுத்துத் துணி கட்டிக்கொள்ளுங்கள், குளிருகிறது என்கிற மாதிரிதான் இவள் பேச்சு. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காதல் காட்சி கிடையாது.

கடைசியில் ரயில் நிலையத்தில் இரண்டு பேரும் பிரிகிறார்கள். இனிமேல் பார்க்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும், அதைச் சொல்லாமலே விடைபெறுகிறார்கள். அதே வருடம் மெக்கேரிக்கு சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தது, வேறொரு நகைச்சுவைப் படத்துக்கு. தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று மேடையிலேயே சொன்னாராம் மனிதர்.

இரண்டாவது, த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ் (1946). போரிலிருந்து திரும்பும் மூன்று பேர். அதில் கைகளை இழந்த மாலுமியாக வரும் ஹரால்ட் ரஸ்ஸல் உண்மையிலேயே ராணுவத்தில் இரண்டு கைகளையும் இழந்தவர். அந்த ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர். நான் சொல்ல வந்தது அதை அல்ல, மதுக்கடைக் காட்சியை. முன்னால் ரஸ்ஸல் தன் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறார். தூரத்தில் மூலையில் ஒரு போன் கூண்டு. உள்ளே ஒருவன் தான் காதலிக்கும் பெண்ணிடம் உறவை முறித்துக்கொண்டிருக்கிறான். நடுவில் பெண்ணின் அப்பா, பியானோவைப் பார்ப்பதுபோல் போன் கூண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கதையின் முக்கியமான விஷயம் திரையில் கட்டைவிரல் அளவுக்குத்தான் இருக்கிறது, சத்தமும் இல்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று நமக்கு நன்றாகத் தெரியும். கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவு, முன்னாலும் பின்னாலும் எல்லாம் துல்லியமாகத் தெரியும். கேனுக்கும் அவர்தான்.

கடைசிவரிசை சொல்லும் 'மனதை மறைக்கவில்லை' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

இன்டர்வல்பிளாக்:

பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. டோக்கியோ ஸ்டோரி பார்க்க உட்கார்ந்து இரண்டு முறையும் தூங்கிவிட்டேன். கேமரா அசையவே மாட்டேன் என்கிறது, எல்லாரும் தரையில் உட்கார்ந்து புன்னகைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதை எப்படி அண்ணா பார்ப்பது?

சப்டைட்டில்சாமி:

2012-இல் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்த படத்தில் தூங்கியிருக்கிறீர்கள் தம்பி. பாராட்டுகள்.

கடைசிவரிசை:

சாமி சொல்வதைக் கண்டுகொள்ளாதீர்கள். வாக்கெடுப்பைக் காட்டி யாரையும் படம் பார்க்க வைக்க முடியாது.

அந்தப் புன்னகையைத்தான் கவனிக்க வேண்டும் தம்பி. மருமகள் நொரிகோ படம் முழுக்கச் சிரித்த முகத்தோடு இருக்கிறாள். செட்சுகோ ஹாரா நடித்தது. கடைசிப் பகுதியில் மாமனார், நீ நல்ல பெண், வேறு கல்யாணம் செய்துகொள் என்கிறார். நான் நல்லவள் இல்லை, உங்கள் மகனை நினைக்காமலே நாட்கள் போகின்றன, எனக்காக ஏதோ நடக்காதா என்று காத்திருக்கிறேன் என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். இரண்டு மணி நேரம் நாம் பார்த்த சிரிப்பு அந்த ஒரு நிமிடத்தில் வேறாகிவிடுகிறது. இதையும் ரகசியம் வெளிப்படுவது என்று யாராவது சொல்லலாம். ஆனால் அவளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சம்பவம் எதுவும் இல்லை. தனிமை மட்டும்தான், அது முதல் காட்சியிலிருந்தே நம் கண்முன் இருந்தது.

இப்போதைக்கு அதை வைத்துவிட்டு, பழையபிரிண்ட் சார் சொன்ன 1937 படத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான், தூக்கம் வராது.

ரீல்பெட்டி:

மான்செஸ்டர் பற்றி நாலாம்சுவர் அக்கா சொன்னதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அந்தப் பிளாஷ்பேக்கில் தாங்க முடியாதது இசை. வீடு எரிகிறது, மனைவி கதறுகிறாள், பின்னால் ஆல்பினோனியின் அடாஜியோ முழுசாக, சத்தமாக ஓடுகிறது. ஏற்கெனவே நெஞ்சு வெடிக்கும் காட்சி, அதன் மேல் வயலின்களை ஏற்றி அழு அழு என்கிறார்கள். (இன்னொன்று, அது உண்மையில் ஆல்பினோனி எழுதியதே இல்லை. ரெமோ ஜியாசோட்டோ என்கிற இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் 1958-இல் வெளியிட்டது. அதனால் காட்சி கெடவில்லை, சும்மா சொல்லி வைத்தேன்.)

பழைய டிராமாக்கள் இந்த விஷயத்தில் யோக்கியம் என்றும் சொல்லமாட்டேன். ஹாலிவுட் ஐம்பதுகளில் வயலின் இல்லாமல் யாரும் கதவைத் திறந்ததே இல்லை. பதேர் பாஞ்சாலி (1955) வேறு மாதிரி. அப்பா ஊரிலிருந்து வந்து மகளுக்கு வாங்கிய சேலையை எடுத்துக் காட்டுகிறார். அவள் செத்துப்போனது அவருக்குத் தெரியாது. அம்மா உடைந்து அழுகிறாள். அழுகைச் சத்தத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தார்ஷெனாய் வாத்தியத்தை வைத்தார் சத்யஜித் ராய். அங்கே இசை காட்சிக்குப் பின்னால் ஓடவில்லை, அவளுடைய குரலே அதுதான்.

நாலாம்சுவர்:

ரீல்பெட்டி, எனக்கு அடாஜியோ பிடிக்கும். அந்த இசை ஓடும்போது பேச்சு பாதி கேட்காது, எல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பதுபோல் இருக்கும். அதிர்ச்சியில் காது அடைத்துப்போன ஒருவன் கேட்பது மாதிரி. ஆனால் சத்தம் அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பாலு மகேந்திராவின் வீடு (1988) படத்தையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். பாட்டே கிடையாது. பின்னணிக்கு இளையராஜாவின் ஹௌ டு நேம் இட் தொகுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதாவது படத்துக்காகச் செய்த இசை இல்லை, ஏற்கெனவே இருந்தது, அடாஜியோ மாதிரியேதான். ஆனால் வயலின்கள் யாரையும் அழச்சொல்வதில்லை. கதாநாயகி சுதாவின் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் போய்ப் பார்த்து, சுவரைத் தொட்டுத் தடவும் இடம் இருக்கிறதே. அவர் அன்றைக்கே இறந்துபோவார் என்று நமக்கு யாரும் ஜாடைகூடக் காட்டுவதில்லை. ஒரு கிழவர் வீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார், அதற்கு இசை. அவ்வளவே.

கடைசிவரிசை:

வீடு பற்றி எழுதியதற்காகவே உங்களோடு சண்டையை நிறுத்தலாம். அதில் சுதாவுக்குப் பழைய காயம் எதுவும் இல்லை. எல்லா அடியும் நம் கண்முன்னால்தான் விழுகிறது. காண்டிராக்டர் சிமென்டைத் திருடுகிறான், அதைக் கண்டுபிடிப்பது அங்கே வேலை செய்யும் ஒரு சித்தாள். நாமும் சுதாவோடு சேர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

சப்டைட்டில்சாமி:

எல்லாரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிறீர்கள், எனக்குப் பொறுக்கவில்லை. ஈரான் இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியை என்ன செய்யப்போகிறீர்கள்? எ செபரேஷன் (2011) முழுக்க முழுக்க மறைக்கப்பட்ட சம்பவத்தில் ஓடும் படம். வேலைக்கார அம்மா வீட்டை விட்டு வெளியேறிய தாத்தாவைத் தேடி ரோட்டுக்கு ஓடுகிறாள், வண்டிகள் பறக்கின்றன, சட்டென்று வெட்டிவிட்டு வீட்டில் சிறுவர்கள் விளையாடுவதைக் காட்டுகிறார். அந்த வெட்டில், கர்ப்பமாக இருந்த அவள்மேல் வண்டி மோதியதுதான் மொத்தக் கதை. கடைசியில்தான் தெரிகிறது. கடைசிவரிசையின் சட்டப்படி இது மோசமான படமாக இருக்க வேண்டும்.

கடைசிவரிசை:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இந்தப் படம் எனக்கு ஏன் உறுத்தவில்லை என்று நானே கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஃபர்ஹாதி அந்த வெட்டை நம் கண்முன்னாலேயே செய்கிறார். அவள் ரோட்டில் நிற்பதைப் பார்த்தோம், வண்டிகளைப் பார்த்தோம், பிறகு மறந்துபோனோம். அது மட்டுமில்லை, அங்கே மறைப்பதற்கு ஒரு காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. அந்த அம்மாவுக்குக் கணவன் பயம், கடன் பயம், கடவுள் பயம். அவளை வேலைக்கு வைத்த நாதிருக்கும் மறைக்க ஒன்று இருக்கிறது, அவள் கர்ப்பம் என்று தெரிந்தே தெரியாது என்று கோர்ட்டில் சொல்கிறான். பொய்யின் செலவைக் கதாபாத்திரங்கள் கொடுக்கிறார்கள். நான் திட்டும் படங்களில் மறைப்பது இயக்குநர் மட்டும்தான், கதைக்குள் இருக்கும் எல்லாருக்கும் விஷயம் தெரியும். வெளியே உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும்.

த ஃபாதர் (2020) படத்தையும் இந்தப் பக்கமே வைப்பேன். மகளாக வரும் நடிகை மாறுகிறாள், சமையலறை மாறுகிறது, சுவரில் இருந்த படம் காணாமல் போகிறது. நமக்குக் குழப்பம், ஆனால் நினைவு தப்பிக்கொண்டிருக்கும் அப்பாவாக வரும் ஆன்டனி ஹாப்கின்ஸின் குழப்பமும் அதுவேதான். அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. 83 வயதில் ஆஸ்கர் வாங்கினார், கடைசிக் காட்சியில் அம்மாவைத் தேடி அழுகிறாரே, அதற்கு இன்னொன்று கொடுத்தாலும் தகும்.

இன்டர்வல்பிளாக்:

ஆஃப்டர்சன் (2022) பார்த்தீர்களா அண்ணா? அதில் கடைசி வரை சொல்லவே மாட்டார்கள். உங்களுக்கு அதுவும் பிடிக்காதா?

கடைசிவரிசை:

பத்து வருடத்தில் வந்த டிராமாக்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் தம்பி.

ஒரு இளம் அப்பா, பதினோரு வயது மகள், துருக்கியில் ஒரு விடுமுறை. அப்பாவின் கையில் முதலிலிருந்தே மாவுக்கட்டு. எப்படி அடிபட்டது? சொல்வதே இல்லை. அவருக்கு என்ன ஆனது? அதையும் சொல்வதில்லை. வளர்ந்த மகள் அந்தப் பழைய வீடியோக்களைத் திரும்பப் பார்க்கிறாள், அவளுக்கும் விடை கிடைப்பதில்லை. விடுகதை போடுகிறவர் விடையைக் கையில் வைத்திருப்பார். சார்லட் வெல்ஸ் கையில் விடையே இல்லை என்பதுபோல் எடுத்திருக்கிறார். ஒரு இரவு மகள் மேடையில் தனியாகப் பாடுகிறாள், அப்பா கூட வர மறுத்துவிடுகிறார். வேறு எந்தப் படத்திலும் இது சின்ன மனஸ்தாபம். இதில் அந்தப் பாட்டு முடியும் வரை எனக்கு உட்கார முடியவில்லை. பால் மெஸ்கல் அங்கே எதுவுமே செய்வதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

பழையபிரிண்ட்:

ஆஃப்டர்சன் எனக்கு ஒட்டவில்லை. நடனக் கூடத்தில் வெளிச்சம் விட்டுவிட்டு அடிக்கும் காட்சிகள் இல்லாமலே அந்தப் படம் நின்றிருக்கும். பெண் குழந்தையாக நடித்த ஃபிராங்கி கோரியோ பிரமாதம்.

நாலாம்சுவர்:

சரி, கடைசியாக ஒன்று. ஷாப்லிஃப்டர்ஸ் (2018). கொரே-எடாவின் படம், கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. அதில் அந்தக் குடும்பத்தின் பழைய கதை முழுக்கக் கடைசிப் பகுதியில், விசாரணை அறையில்தான் வெளியே வருகிறது. யார் யாருக்கு என்ன உறவு, யார் என்ன குற்றம் செய்தார்கள், எல்லாம் அதிகாரிகள் வாயால். உங்கள் புகாருக்கு அச்சு அசலாகப் பொருந்தும் படம். பிடிக்குமா, பிடிக்காதா?

கடைசிவரிசை:

பிடிக்கும், உறுத்தலோடு. அந்த அதிகாரிகள் சொல்வதெல்லாம் உண்மை, ஆனால் அந்தக் குடும்பத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நாம் அவர்களோடு அந்தக் குடிசை வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தோம். பிள்ளைகள் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்கிறார்கள். சகுரா ஆண்டோ பதில் சொல்லாமல் கையால் முகத்தைத் திரும்பத் திரும்ப வழித்துக்கொள்கிறார். அந்த இடத்துக்காகப் படத்தின் எல்லாத் தவறுகளையும் மன்னிப்பேன்.

ஆனால் தகவல்களை அள்ளிக்கொட்டும் மற்ற விசாரணைக் காட்சிகள் அவசியமா? பாட்டியின் பென்ஷன் விவகாரமும் பழைய கொலையும் தெரியாமலே ஆண்டோவின் அந்த முகம் நமக்குப் புரிந்திருக்கும்.

நாலாம்சுவர்:

புரிந்திருக்காது. அந்தக் கொலை தெரிந்த பிறகும் அவள் பக்கம் நிற்கிறோமா இல்லையா என்பதுதான் கேள்வியே. அதை எடுத்துவிட்டால் நல்ல ஏழைக் குடும்பம் ஒன்று போலீஸிடம் மாட்டிய கதையாகப் போய்விடும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கடைசிவரிசை:

நானும்தான். மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன், அப்புறம் தொடரலாம்.